பச்சையம்மாளிடம் நான் வாங்கிய சத்தியம்

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் பெண் பிளாஸ்டிக் இதயம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைத் திறந்தாள், மூடினாள், கம்பி எங்கே போகும், எத்தனை மணி முதல் பட்டினி, எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், ஏன் நிறுத்த வேண்டும் என்று அரை மணி நேரம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் பாதியில் தூங்கிவிட்டார். நான்தான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும் அவளும் அவளோடு வந்த இரண்டு பயிற்சிப் பெண்களும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க காலத்துல பேஷண்ட் கவுன்சலிங்லாம் இருந்துச்சா ஆன்ட்டி?" என்றாள் ஒருத்தி. இருந்தது, கற்பூரம் கொளுத்திச் செய்தோம் என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் முழுவதையும் உருவிப் போட்டு மறுபடி விரிக்கச் சொல்லும் ஒரு தலைமை சிஸ்டரிடம் மூன்று வருடம் கழிந்தது. பிறகு அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக்கு வந்தேன். ஒரு தரும டிரஸ்டின் சிறிய ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. வெயில் காலத்தில் கோட்டைப் பாறைகள் பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலத்தில் அந்தச் சூட்டை எங்கள் வார்டுக்குள் அனுப்பும். மற்றபடி நல்ல இடம்.

டாக்டர் பெயர் சபாபதி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பதில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கொஞ்சம் துடைத்தால் கொஞ்சம் கோபம். வெகு நேரம் துடைத்தால் நாம் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று பொருள். நோயாளிக்கு எதைச் சொன்னாலும், சொன்னதை நோயாளி வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பது டாக்டர் வைத்த சட்டம்.

இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகிறவர்களைப் பார்ப்பதில் அவருக்குத் தனி அக்கறை உண்டு. ஈ.சி.ஜி. மெஷின் எங்களிடம் கிடையாது. இருந்தது ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் அவருடைய கைக்கடிகாரமும்தான். கடிகாரத்தைக் கழற்றி நடுவில் வைப்பார். நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்து அவர் எண்ணுவார், அதே நேரம் நான் மணிக்கட்டில் நாடியை எண்ண வேண்டும். "ம்" என்றால் தொடக்கம், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு "ம்". இருவரும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுவோம். சீரான இதயமானால் இரண்டும் ஒன்றாக இருக்கும். தாளம் தப்பிய இதயமானால் நெஞ்சில் நூற்று முப்பது, கையில் தொண்ணூறு என்று வரும். மிச்சம் நாற்பது துடிப்பு கை வரை வந்து சேரும் அளவுக்கு வலுவில்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். முதல் மாதம் என் கணக்கு தப்பும்போதெல்லாம் "மறுபடியும்" என்பார். ஒரு கிழவருக்கு ஆறு தடவை எண்ணியதில், "என்னம்மா, ஏலம் போடறீங்களா?" என்று கிழவரே கேட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்போம். டிஜாக்சின் என்று பெயர். தினம் ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எங்கள் ஜனங்களைத் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வைப்பது குரங்குக்குச் சட்டை போடுகிற வேலை. கொஞ்சம் மூச்சு சுலபமானால் நிறுத்திவிடுவார்கள். பட்டுச் சேலையைப் போல மடித்து, நல்லது கெட்டதுக்கு ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். வல்லத்துப் பெரியவர் ஒருவர் படபடப்பாக இருக்கிறது என்ற தன் சம்பந்திக்குப் பாதி பாட்டிலைச் சீர்வரிசையாகவே கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடியாத மாடு படியாது என்று நினைக்கிற வயது எனக்கு. இருபத்து நாலு. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். டிரெஸ்ஸிங் அறைக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டு வைத்துக்கொண்டேன். புது நோயாளி மாத்திரை வாங்கியதும் அங்கே கூட்டிப் போவேன். தட்டில் கற்பூரம் ஏற்றுவேன். "ஒரு நாளும் மாத்திரைய வுட மாட்டேன்னு மேல்மலையனூர் அம்மன் மேல சத்தியம் பண்ணு" என்பேன். அவர்கள் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்றால் என் ஜெபமாலைச் சிலுவையில் கை வைக்க வேண்டும். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். அங்காளம்மன் பெயரால் சத்தியம் வாங்குகிறோமே என்று எனக்கு உறுத்தவே இல்லை. மாத்திரை உள்ளே போகிறதா இல்லையா, அதுதான் என் கேள்வி. போயிற்று. ஒருவர்கூடத் தவறவில்லை.

டாக்டர் ஒரு நாள் மூக்கை உறிஞ்சினார். "ஸ்பிரிட் பாட்டில் பக்கத்துல கற்பூரமா கொளுத்தற?" என்று மட்டும் கேட்டார். பாட்டிலை அடுத்த அலமாரிக்கு மாற்றினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பச்சையம்மாள் சிங்கவரத்துக்காரி. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நடவு ஆட்களுக்குத் தலைமை அவள்தான், இருபது பெண்களை ஒரே வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிறவள். "நெஞ்சுக்குள்ள கோழி றெக்க அடிச்சிக்குது நர்சம்மா" என்று வந்தாள். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. வரப்பில் பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். அவளுக்கு ஒரே மகள், சாந்தி, ஆறு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

அவளையும் தட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். பிறகு நான் சொல்லிக் கொடுக்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "நான் ஒரு நாளு தவறனா என் சாந்திய நீ எடுத்துக்க தாயே" என்று சொல்லி, படாரென்று கற்பூரத்தை அடித்தாள். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கலாம். இவள் நிச்சயம் மாத்திரையை விடமாட்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதுதான் உண்மை.

எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் துடிப்பு வேகம் குறைந்ததே தவிர சீராகவில்லை. அப்போது மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. நோயாளியைத் தூங்க வைத்து, நெஞ்சில் இரண்டு தட்டு வைத்து, கண் இமைக்கும் நேரம் கரண்ட் கொடுத்தால் தாறுமாறான துடிப்பு ஒரு நொடி நின்று, சரியாகப் புறப்படும். டாக்டர் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் சொல்லி வை" என்று என்னிடம் ஒப்படைத்தார். நீங்கள் இப்போது கவுன்சலிங் என்கிறீர்களே, அதற்கு அப்போது இதுதான் பெயர்.

சொன்னேன். எழுந்து போகப் பார்த்தாள். "மோட்டார் ரூமாண்ட எங்க கெடேரி கன்னு கரண்ட்டு அடிச்சி செத்துச்சி. அத எனக்கு வெக்க சொல்றியா? இன்னாம்மா நீ!"

"உக்காரு. நடவுல ஆளாளுக்கு ஒரு பக்கம் நட்டுக்கிட்டுப் போனா நீ என்ன பண்ணுவ?"

"எல்லாரும் நில்லுங்கடின்னு ஒரு அதட்டு போடுவேன்."

"அப்புறம்?"

"நிமுந்து நிப்பாளுங்க. மொதல்லருந்து வரிசையா வுடுவேன்."

"அந்த அதட்டுதான் கரண்ட்டு."

சிரித்துவிட்டாள். "நல்லா அதட்டுவாங்களா?" என்று கேட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

மெட்ராஸிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. செவ்வாய்க்கிழமை கரண்ட். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் டிஜாக்சின் தரக்கூடாது. இதையும் அவளிடம் சொல்லி, சட்டப்படி திருப்பிச் சொல்லவும் வைத்தேன். "நாயிறு, திங்க, செவ்வா மூணு நாளும் மாத்தர வாயில வெக்கக் கூடாது" என்று அட்சரம் பிசகாமல் சொன்னாள். நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பினேன். முகம் மட்டும் சுருங்கியிருந்தது. பயணத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம். அவள் புருஷன் கோவிந்தனால் நிலத்தை விட்டு வர முடியவில்லை, குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "நீயே கூட்டிக்கிட்டுப் போ" என்றார் டாக்டர். திங்கள் காலை பஸ் ஏறினோம். திண்டிவனத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். செங்கல்பட்டில் இன்னொரு தடவை. பஸ் மேலேயே பழி போட்டுக்கொண்டு மெட்ராஸ் வந்து சேர்ந்தேன்.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். படுத்து, சுற்றும் முற்றும் பார்த்தாள். "பெரிய ஆஸ்பத்திரின்னா சும்மாவா? செவுருக்குலாம் மஞ்சளா அடிச்சிருக்கான் பாரு" என்றாள்.

சுவர் வெள்ளை. சுண்ணாம்பு அடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். எட்டு மாதமாக எனக்குப் பழகிய கை அது. வழக்கமான குழப்ப நாடி இல்லை. இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி, இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி என்று ஜோடி ஜோடியாக வந்தது. வாந்தி, மஞ்சள் பார்வை, ஜோடி நாடி. டிஜாக்சின் உடம்பில் அளவுக்கு மேல் ஏறினால் வருபவை என்று பாடத்தில் வரிசையாக எழுதியிருந்த மூன்றும் என் முன்னால் படுத்திருந்தன.

"மாத்திரை சாப்டியா பச்சையம்மா?"

"நாயிறும் இன்னிக்கும் வாயிலயே வெக்கல. நீ சொன்ன சொல்ல நான் தட்டல."

"சனிக்கிழம?"

"சனிக்கெழம நாலு போட்டேன்." முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. "சனிக்கெழமது ஒண்ணு, நாயிறுது, திங்கது, செவ்வாது மூணு. இந்த மூணு நாளும் சாப்புடாத மாதிரியும் ஆச்சு, ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கு தவறாத மாதிரியும் ஆச்சு. எப்பிடி?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அதைக் கையால் செய்தவள் நான். அந்த வார்டின் பெரிய டாக்டரைத் தேடிப் போனேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லி, எப்படியோ தள்ளிப்போடச் செய்யலாமா என்று நடைபாதையில் ஒரு யோசனை வந்தது. வேலை போய்விடும் என்ற பயம். அவரைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கற்பூரம் உட்பட. அவர் வந்து நாடி பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், காகிதத்தைப் பார்த்தார். "நாளைக்கு இவங்களுக்குக் கரண்ட் வச்சிருந்தா, நின்ன இதயம் திரும்பப் புறப்படாம போயிருக்கலாம், சிஸ்டர்" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அதுவரை ஒரு மாத்திரைகூட உள்ளே போகக் கூடாது, அது உன் பொறுப்பு என்றார்.

கட்டிலுக்குத் திரும்பி வந்து சொன்னேன். ஒரு வாரமா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போட்டது நாளையோட தீந்துடும். புதங்கெழமைலருந்து இன்னா பண்றது? வுட முடியாது நர்சம்மா. எனக்கு இருக்கறது ஒரே புள்ள." சேலை முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள். பாட்டில் அதற்குள் இருந்தது.

"சத்தியம் வாங்கினது நான்தானே? நானே அத வுட்டுக் குடுக்கறேன்."

"வாங்கனது நீ. கேட்டுக்கினு இருந்தது அவளாச்சே."

"அப்படின்னா எது வந்தாலும் என் மேல வரட்டும். நான் சத்தியம் பண்றேன், போதுமா?"

"எது மேல பண்ணுவ?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். "உனக்குப் புள்ளயா குட்டியா? எத வெச்சி சொல்லுவ?"

எங்கம்மா மேல என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரில் அம்மா தனியாக இருந்தாள். அந்த நேரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். அவளை நினைத்ததும் வார்த்தை வெளியே வரவில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியும், படித்தவள். இருந்தும் வரவில்லை. அந்தத் தட்டுக்கு முன்னால் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன், ஒவ்வொருவரிடமும் எதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எத வெச்சியும் சொல்ல முடியல பச்சையம்மா" என்றேன். "எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு."

அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். தறிகெட்டு ஓடுகிற துடிப்பை அது கயிறு போட்டு இழுத்துப் பிடிக்கிறது. ஒன்று சாப்பிட்டால் ஒரு நாளில் போய்விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உடம்பை விட்டு வடியும். அதிகமானால் கயிறு இறுகும். வாந்தி வரும், வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரியும். அந்த நிலையில் கரண்ட் வைத்தால் நின்ற இதயம் நின்றபடியே இருந்துவிடக்கூடும். அது வடிவதற்காகத்தான் அந்த நாட்களில் விடச் சொன்னார்கள். இவ்வளவுதான். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நடுநடுவே கேள்வி கேட்டாள். செவுரு வெள்ளையா என்று இரண்டு தடவை கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"இத ஊர்லயே சொல்லியிருந்தா நான் ஏன் நாலு முழுங்கப் போறேன்?" என்றாள். "எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டியா?"

ஆமாம் என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் சேலை முடிச்சை அவிழ்த்துப் பாட்டிலை என் மடியில் வைத்தாள். "வெசமுன்னு தெரிஞ்சும் முழுங்குடின்னு எந்த ஆத்தாளும் சொல்ல மாட்டா. புள்ளய வெச்சி கேட்டவளும் இல்ல அவ, நானா வாய வுட்டது. நான் அவகிட்ட பேசிக்கறேன், நீ போ" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள்தான் என் தோளைத் தட்டினாள்.

அவளை அந்த வார்டிலேயே விட்டுவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பி டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். அன்று துடைத்ததைப் போல் அவர் என்றும் துடைத்ததில்லை. கடைசியில், "கற்பூரத்த இனிமே கோயில்ல கொளுத்தட்டும். நீ வாயால சொல்லு" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை என்னையே மறுபடி மெட்ராஸுக்கு அனுப்பினார். மெஷின் பக்கத்தில் நிற்க என்னை அனுமதித்தார்கள். அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு மெஷினில் பச்சைக் கோடு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. கண் விழித்ததும், "அதட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

பதினைந்து நாள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தாள். சாந்தியும் கூட வந்து, அம்மாவுக்கு முன்னால் ஓடி ஓடித் திரும்பினாள். மெட்ராஸில் துடிப்பு மறுபடி கெடாமல் இருக்க வேறு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பவுண்டரிடம் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், வாயில் போடவில்லை.

"இது இன்னா பண்ணுது நர்சம்மா?"

"துடிப்பு மறுபடி தாறுமாறாப் போவாம பாத்துக்கும்."

"அது தெரியுது. எப்பிடி பாத்துக்கும்? ஒரு நாளு மறந்துட்டா இன்னா ஆவும்? கூட போட்டுட்டா செவுரு இன்னா கலருல தெரியும்?"

அந்த மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிது. எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் குடுத்தத பேசாம சாப்புடு என்ற பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல பச்சையம்மா" என்றேன்.

அவள் மாத்திரையைத் திரும்பவும் காகிதத்தில் மடித்தாள். பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப போயி கேட்டுக்கினு வா. நான் எங்கியும் போவல" என்றாள்.

நான் டாக்டர் அறைக்கு ஓடினேன்.